பிரித்துத் தரப்பட மாட்டாது

செருப்புக் கடையின் கண்ணாடிக் கதவில் அந்தக் காகிதம் பத்தொன்பது நாள் ஒட்டியிருந்தது. பெட்டிகளின் மேல் நம்பர் போடும் தடித்த கறுப்புப் பேனாவால், எழுத்து கொஞ்சமும் சாயாமல் எழுதியது.

'ஒரு ஜோடிக்கு நல்ல வீடு தேவை. அமைதியான சுபாவம். சுத்த சைவம். ஜோடி பிரித்துத் தரப்பட மாட்டாது. கீழே உள்ள எண்ணில் கூப்பிடவும்.'

இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் எழுதியவர் கேட்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முப்பத்தொரு வருஷமாக அந்தக் கடையின் ஸ்டாக் அறையில் வேலை. ஜோடி, பெட்டி, பிரிக்காதே என்ற மூன்று வார்த்தைக்குள் பிழைப்பு ஓடிவிட்டது. கடையில் அவரை ஸ்டாக் அண்ணன் என்பார்கள். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார், நேற்றுச் சேர்ந்த பையனும் அப்படித்தான் கூப்பிடுவான். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொல்வார் போலிருக்கும்.

விற்பனை கீழே, ஸ்டாக் மேலே. மேல் அறைக்கு ஜன்னல் கிடையாது. தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள். நடுவில் தரையை வெட்டி ஒரு சதுர ஓட்டை, அதிலிருந்து கீழே இறங்கும் வழவழப்பான சாய்வுப் பலகை. கீழேயிருந்து "எட்டு, கறுப்பு, லேஸ்" என்று குரல் வரும். மேலேயிருந்து பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். பதில் என்றால் அந்தப் பெட்டிதான். வாய் திறக்க வேண்டிய வேலையே இல்லை. ஏற்கெனவே வாய் திறக்காத மனிதருக்கு அப்படியொரு வேலை அமைந்தால் கேட்கவா வேண்டும்?

எந்தப் பெட்டியையும் கையில் தூக்கிய எடையிலேயே உள்ளே இருப்பது சரியான ஜோடிதானா என்று சொல்லிவிடுவார் என்று கடையில் ஒரு கதை உண்டு. கதைதான். அவர் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, இடது வலது பார்த்து, அடியில் நம்பர் பார்த்து, மூடித்தான் அனுப்புவார். ஷோகேஸில் வைப்பது எப்போதும் இடது கால் மட்டும். அதன் வலது கால் மேலே பெட்டியில் காத்துக்கொண்டிருக்கும். எங்காவது ஒன்று தொலைந்தால் மிஞ்சுவதற்கு ஒத்தை என்று பெயர். ஒத்தைகளுக்கென்று கதவோரம் ஒரு தட்டு இருக்கிறது. முதலாளி எத்தனை தரம் சொல்லியும் அதிலிருந்து ஒன்றைக்கூட அவர் தூக்கிப் போட்டதில்லை. ஜோடி எங்காவது கிடைக்கும் என்பார். பெரும்பாலும் கிடைக்காது.

அந்த இரண்டும் வந்ததும் ஒரு செருப்புப் பெட்டியில்தான். நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள் யாரோ கல்லாமேல் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். திருப்பிக் கொடுத்த சரக்கு என்று நினைத்து மேலே அனுப்பிவிட்டார்கள். வழக்கப்படி இவர் திறந்து பார்த்தார். இடதும் இல்லை, வலதும் இல்லை. இரண்டு கினியா பன்றிக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கின. ஒன்று செங்கல் நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று. இன்னொன்று முழு வெள்ளை. பெட்டி எட்டாம் நம்பர் என்று அவருக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

யாராவது தேடி வருவார்கள் என்று இரண்டு நாள் வைத்திருந்தார். யாரும் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி மூக்கின்மேல் விரலை வைத்தார். "எலியா, முயலா, இது என்னங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கேரட் நறுக்கப் போனார். அன்றே செங்கல் நிறத்துக்குப் பெரியவள், வெள்ளைக்குச் சின்னவள் என்று பெயரும் ஆகிவிட்டது. கணவன் மனைவி இருவரின் ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டும் பெண், சின்னவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது என்றார். பெரியவளின் இடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டுதான் அவள் தண்ணீருக்குப் போவாள், புல்லுக்குப் போவாள். ஒரு தடவை பல் ராவுவதற்காகப் பெரியவளை மட்டும் அரை நாள் மருத்துவரிடம் விட்டுவர, சின்னவள் கூண்டின் மூலையில் போட்டது போட்டபடி கிடந்தாள். ஒரு வாய் தின்னவில்லை. பெரியவள் திரும்பி வந்ததும் இரண்டும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். கண் தெரியாத பிராணி, சத்தமில்லாமல் கிட்டப் போனால் பயந்து போகும். கூண்டுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் பேசிக்கொண்டே போங்கள், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

இதைச் சொல்ல அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. ஸ்டாக் அண்ணனுக்குப் பேச்சு என்பது பல் பிடுங்குகிற மாதிரி. வீட்டுக்கு வந்தால் "ம்", "போதும்", "நாளைக்கு" என்ற மூன்றோடு ராப்பொழுது முடியும். முதல் நாள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று விழித்தார். தெரிந்தது கடை ஒன்றுதான். "இன்னைக்கு ஏழாம் நம்பர்ல பழுப்பு தீர்ந்துபோச்சு" என்றார். வெள்ளைக் குட்டி காதை ஆட்டியது. அவ்வளவுதான், அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஏழு மணிக்குக் கை கால் கழுவிவிட்டுக் கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரம் பேச்சு நிற்காது. ஒரு காலில் ஒன்பதும் மறு காலில் ஒன்பதரையும் கேட்டு வந்த தபால்காரர் கதை. முதலாளிக்குப் பல் செட் மாட்டியதிலிருந்து அவர் ஆறு என்பது நூறு என்று கேட்கிற கதை. ஒரு நாள், பழைய சங்கதி ஒன்றைக்கூட எடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவசரத்தில் ஒரு பெட்டியில் இரண்டும் இடது காலாக அனுப்பிவிட்டார். வாங்கியவர் மறுநாள் வேலைக்கான நேர்முகத்துக்குப் போடுவதற்காக வாங்கியது. இவர் தப்பைக் கண்டுபிடித்து, வலது காலை எடுத்துக்கொண்டு, விலாசம் விசாரித்து ஓடியபோது அந்த வீடு பூட்டியிருந்தது. பழைய செருப்போடு போய்விட்டார் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அவருக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்பது கடைசி வரை தெரியவில்லை. இதைச் சொல்லி முடித்துவிட்டு வெகுநேரம் கொத்தமல்லித் தண்டைக் கையிலேயே வைத்திருந்தார். பெரியவள் வந்து பிடுங்கிக்கொண்டாள்.

சமையலறையிலிருந்து இதெல்லாம் கேட்குமா என்று அவர் யோசித்ததே இல்லை.

இந்த வருஷம் மனைவிக்கு இழுப்பு வந்தது. முதலில் சளி என்றார்கள், அப்புறம் தூசி என்றார்கள். மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று விசாரித்தார். காய்ந்த புல், மரச் சீவல், இரண்டு பிராணிகளின் மயிர் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குளிர் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் அவை வீட்டை விட்டுப் போகவேண்டும், இல்லையென்றால் நான் மருந்தை எத்தனை மாற்றினாலும் பிரயோஜனமில்லை என்று பூசி மெழுகாமல் சொன்னார். வீட்டு வாசலில் மனைவி, "கொடுத்தா ரெண்டையும் சேர்த்துத்தான் கொடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவர் தலையை ஆட்டினார்.

காகிதம் எழுதும்போது மாட்டிக்கொண்டது பிராணியின் பெயரில்தான். கினியா பன்றி என்று எழுதினால் பன்றி வளர்க்கிறார் என்பார்கள். மகள் போனில் அகராதியைப் பார்த்துச் சீமைப் பெருச்சாளி என்ற பெயரைச் சொன்னாள். பெருச்சாளிக்கு வீடு கேட்டால் எவன் கதவைத் திறப்பான்? பெயரே வேண்டாம், கூப்பிடுகிறவர்களுக்கு விளக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பெட்டிகளுக்கு நடுவில் போன் சிக்னல் வராது. அதனால் வீட்டு எண்ணைக் கொடுத்தார். போனில் பேசுவதற்கு மனைவியை விட்டால் ஆளில்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் வரவேற்பில் இருபது வருஷம் உட்கார்ந்தவர். டாக்டர் உள்ளேயே இருந்தாலும் இல்லை என்று சொல்லி, வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி அனுப்பத் தெரிந்தவர்.

கடையில் கேலிக்குக் குறைச்சலில்லை. ஓடிப்போன ஜோடிக்கு அண்ணன் வீடு பார்க்கிறார் என்று கல்லாக்காரர் ஆரம்பித்துவைத்தார். விஷயம் தெரிந்த விற்பனையாளர்கள் மூலம் இரண்டு பேர் நேரிலும் வந்தார்கள். முதலில் வந்தவர் குட்டி போடுமா, எத்தனை போடும் என்றே கேட்டார். ஜோடி என்றால் ஆணும் பெண்ணும் என்று நினைத்துவிட்டார். இரண்டும் பெண் என்றதும் தன்னை யாரோ ஏமாற்றிவிட்டது போல முறைத்துக்கொண்டு போனார். அடுத்து வந்தவர் லாரி கம்பெனியில் கணக்கர். மகள் பிறந்தநாளுக்கு ஒன்று வேண்டும், அந்தச் செங்கல் நிறத்தது மட்டும் போதும் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் ஸ்டாக் அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். குதிகாலை மிதித்து மடக்கிப் போட்ட ஷூ. குனிந்து போட அரை நிமிஷம் பொறுக்காதவன் கூண்டு கழுவுவானா என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார். வேண்டியபோது கூப்பிடுங்கள் என்று கணக்கர் தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் தினமும் ஒரே கேள்வி, ஒரே பதில்.

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"ஒருத்தரும் கூப்பிடலை."

உள்ளதைச் சொன்னால், அந்தப் பதில் அவருக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஐயோ இன்னும் வரவில்லையே என்று வாய் சொல்லும். இன்னொரு நாள் கிடைத்தது என்று மனசு சொல்லும். இந்த இரண்டாவதை அவர் கூண்டுக்கு முன்னால்கூடச் சொன்னதில்லை.

பதினெட்டாம் நாள் காலையில் மனைவி கூண்டின் மரச் சீவலை மாற்றியிருக்கிறார். செய்யாதே என்று ஸ்டாக் அண்ணன் சொல்லியிருந்தார், கேட்கவில்லை. அவர் குளித்துவிட்டு வந்தபோது மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுப்பதற்கே முழு உடம்பையும் செலவழித்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மருந்து உறிஞ்சும் குழலைத் தேடி எடுத்து வாயில் வைத்து, இரண்டு தரம் அழுத்தி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய், மூக்கில் காற்றுக் குழாய் மாட்டிய பிறகுதான் தான் செருப்பில்லாமல் வந்திருப்பதைப் பார்த்தார். மருத்துவர் மனைவியைத் திட்டவில்லை, இவரைத் திட்டினார். நீங்கள் என்ன, இவர் போகட்டும் என்று காத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

அன்று மத்தியானம் மனைவியை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, அவர் கடைக்குப் போனார். லாரி கம்பெனிக் கணக்கரைக் கூப்பிட்டு, நாளைக்குச் சாயங்காலம் வந்து செங்கல் நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சொல்லும்போது குரல் தன்னுடையதாகவே இல்லை. சின்னவளைத் தன்னோடு ஸ்டாக் அறையில் வைத்துக்கொள்வது, முதலாளி காலில் விழுந்தாவது சம்மதம் வாங்குவது என்று கணக்குப் போட்டிருந்தார். ஜன்னல் இல்லாத அறையில், பெரியவள் இல்லாமல், அவள் எத்தனை நாள் தின்பாள் என்ற கணக்கை மட்டும் போடவில்லை. மேலே போய் ஒத்தைத் தட்டுக்கு முன்னால் நின்றவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், யாரும் பார்க்காத இடத்தில் அழுதார். கீழேயிருந்து "ஆறு, வெள்ளை, பெல்ட்" என்று குரல் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து பார்த்து அனுப்பினார்.

மறுநாள் காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில், கீழே ஒரு அம்மா உங்களைத்தான் பார்க்கணும் என்கிறார் என்று ஆள் வந்தது. இறங்கிப் போனார். ஐம்பதை ஒட்டிய வயது, தோளில் ஈரத் துண்டு, கையில் கதவிலிருந்து கிழித்த காகிதம். பின் தெருவில் காய்கறிக் கடை வைத்திருப்பவராம். கடைக்கு மேலேயே வீடு, அதற்கும் மேலே ஒரு அறை காலி.

"இது நீங்க எழுதினதாண்ணா? அந்தப் பிள்ளைங்க இப்ப எங்க இருக்காங்க? நான் அறை தர்றேன். யார் வந்து சத்தம் போட்டாலும் நான் பார்த்துக்கறேன்."

ஸ்டாக் அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மாள் விடாமல் பேசினார். காகிதத்தைப் பார்த்த அன்றே புரிந்துவிட்டதாம். பெற்றவர்களுக்குப் பிடிக்காமல் யாரோ ஒரு ஜோடி வீடில்லாமல் நிற்கிறது, பிரிக்கப் பார்க்கிறார்கள், கடைக்காரர் நல்ல மனசோடு இடம் தேடுகிறார். மூன்று தடவை போன் செய்தாராம்.

"ஒரு அம்மா எடுத்தாங்க. ரொம்ப மரியாதையான பேச்சு. இடம் முடிஞ்சுபோச்சுங்க, கூப்பிட்டதுக்கு நன்றின்னாங்க. மூணு தடவையும் அதேதான். முடிஞ்சா காகிதத்தை எடுத்திருப்பீங்களே, இது இன்னும் இங்கேயே இருக்கேன்னுதான் நேர்லயே வந்தேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருத்தரும் கூப்பிடலை என்ற குரல் காதில் அப்படியே இருந்தது. அந்த இனிப்பான குரல் இருபது வருஷம் எத்தனை பேரை வாசலோடு அனுப்பியது என்பதும் அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அம்மாளையும் உட்காரவைத்து, தன் வாழ்நாளிலேயே கடைக்குள் பேசிய மிக நீளமான பேச்சைப் பேசினார். ஜோடி யார், எங்கிருந்து வந்தது, ஒன்றுக்குக் கண் தெரியாது, மனைவிக்கு மூச்சு, இன்று சாயங்காலம் பிரியப் போகிறது. எல்லாம்.

காய்கறிக் கடைக்காரம்மா வாயைப் பிளந்து கேட்டார். பாதியில் சிரிப்பு வந்து துண்டால் வாயை மூடிக்கொண்டார். கண் தெரியாதது என்ற இடம் வந்தபோது சிரிப்பு நின்றது.

"பிரிப்பானேன்? இலை ஒண்ணுக்கு நறுக்கினா என்ன, ரெண்டுக்கு நறுக்கினா என்ன? என் கடையில தினம் அரைக் கூடை தழை வீணாப் போகுது. முட்டைக்கோஸ் இலை போடலாம்ல?"

"முட்டைக்கோஸ் வேண்டாம், வயிறு உப்பும். குடைமிளகாய் போடலாம்." சொல்லிவிட்டுத் தயங்கினார். "ஒண்ணும்மா. சின்னதுக்குப் பக்கத்துல போனா பேசிக்கிட்டே போகணும். இல்லேன்னா பயப்படும்."

"பேசறதுக்கா ஆள் தேடறீங்க?" என்றார் அந்த அம்மாள். "கோயம்பேடோ குப்பைமேடோ, காலையில அஞ்சு மணிக்குத் திறந்த வாய் கடை சாத்தறவரைக்கும் மூடாது. தனியா இருக்கறதால ராத்திரியில மட்டும்தான் அதுக்கு ஓய்வு. இனி அதுவும் இல்லே."

அவர் காலில் என்ன போட்டிருந்தார் என்று ஸ்டாக் அண்ணன் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. கணக்கருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, மகளுக்கு மீன் தொட்டி வாங்கிக்கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். குதிகாலை மிதித்துப் போடுகிறவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கட்டில் பக்கத்தில் நின்றார். கோபமாகக் கேட்கவேண்டும் என்றுதான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

"எத்தனை பேர் கூப்பிட்டாங்க?"

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். டாக்டர் இல்லை என்று சொல்கிற முகம் வரும் என்று இவர் எதிர்பார்த்தார். வரவில்லை.

"ஏழு பேர். வீடு வாடகைக்குத் தர்றேன்னு கூப்பிட்டவங்க நாலு. விஷயம் தெரிஞ்சு கேட்டவங்க மூணு. அதுல ஒரு ஆளு ரெண்டையும் சேர்த்தே எடுத்துக்கறேன்னார்."

"மூச்சு விட முடியாமப் படியில உட்கார்ந்திருந்தியே. செத்துப்போயிருந்தா?"

மனைவி போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். இழுப்பு முழுதாக அடங்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு எடுக்கவேண்டியிருந்தது.

"நமக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். அதுல இருபத்தாறு வருஷம் உங்க கடைக்கு எத்தனை கதவுன்னுகூட எனக்குத் தெரியாது. கேட்டா 'ம்'னு சொல்வீங்க. நானும் விட்டுட்டேன். இதுங்க வந்த பிறகுதான் சமையல்கட்டுல நின்னுக்கிட்டுக் கேட்க ஆரம்பிச்சேன். குக்கர் சத்தம் வந்தா அணைச்சிடுவேன், நீங்க சொல்றது விட்டுப்போயிடும்னு. ரெண்டு இடது காலை அனுப்பிட்டு, பூட்டின வீட்டு வாசல்ல நின்னீங்களே, அன்னைக்கு ராத்திரி நீங்க சாப்பிடலை. வயித்துவலியான்னு கேட்டேன், ஆமான்னீங்க. அது வயித்துவலி இல்லேன்னு எனக்குத் தெரியறதுக்கு இருபத்தோரு வருஷம் ஆச்சு. அதையும் என்கிட்டயா சொன்னீங்க?"

மனைவி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

"இதுங்க போயிட்டா நீங்க மறுபடியும் ம்முக்குப் போயிடுவீங்க. அதுக்கு இந்த இழுப்பே தேவலைன்னு நினைச்சேன். நினைச்சது தப்புதான். நேத்து படியில உட்கார்ந்திருக்கும்போது தெரிஞ்சுது."

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரியதாக இன்னொன்றும் இருந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. தன் பேச்சைக் கேட்பதற்காக ஒருத்தர் அடுப்பை அணைத்திருக்கிறார், அதுவும் நாலு வருஷமாக. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். காய்கறிக் கடைக்காரம்மா கதையை, ஓடிப்போன ஜோடி உட்பட, தட்டுத்தடுமாறிச் சொன்னார். சொல்லும்போது கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டார். மனைவி சிரிக்கப் போய் இருமினார், இருமிவிட்டு மறுபடி சிரித்தார். "அந்தம்மாதான் மூணு தடவை கூப்பிட்டது. குரல் நல்ல குரல். அவங்ககிட்டயே கொடுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே கொண்டுபோய்விட்டார். மனைவி கூட வரமுடியவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூண்டுக்கு ஒரு கை தூரத்தில் நின்று இரண்டையும் பார்த்தார். தொடவில்லை. கண் நிறைந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. போய்விட்டு வாருங்கள் என்று அவற்றிடம் சொன்னார், அவை எங்கே திரும்பி வரப் போகின்றன.

காய்கறிக் கடைக்காரம்மா காலி அறையில் வைக்கவில்லை. மேலே எதற்கு, கூட இருக்கட்டும் என்று தன் அடுக்களைக்கு எதிரே, பூனை ஏற முடியாத ஒரு பெஞ்சின் மேல் இடம் ஒழித்துவைத்திருந்தார். கூண்டை வைத்ததும் பெரியவள் நாலு மூலையையும் முகர்ந்து பார்த்தாள். சின்னவள் அவள் இடுப்பிலேயே ஒட்டிக்கொண்டு சுற்றினாள். அந்த அம்மாள் விலைவாசியைப் பற்றி அவற்றிடம் பேச ஆரம்பித்துவிட்டார். கொத்தமல்லி நீட்டினார். இரண்டு வாயும் ஒரே தண்டின் இரண்டு முனையைப் பிடித்தன. ஸ்டாக் அண்ணன் கதவருகில் நின்று அதைப் பார்த்தார். உள்ளே வந்து சொல்லிக்கொண்டு போகலாம் என்றுதான் நினைத்தார். தன் குரல் கேட்டால் சின்னவள் தேடுவாள் என்று தோன்றியது. சத்தமில்லாமல் படி இறங்கினார்.

அடுத்த நாள் ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவர் முயற்சி செய்யாமல் இல்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தொண்டையைக் கனைப்பார், மனைவி நிமிர்ந்து பார்ப்பார், அந்தப் பார்வை பட்டதும் வந்தது உள்ளே போய்விடும். கினியா பன்றிகள் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை, அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று இப்போது புரிந்தது. மனைவியும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. மூச்சு மட்டும் நாளுக்கு நாள் சீராகிக்கொண்டு வந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்தபோது மனைவி கூடத்துத் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை.

"சொல்லுங்க. நான் பார்க்கலை."

அவர் எதிரில் உட்கார்ந்தார். ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தார். இன்னொன்றையும் உரித்தார்.

"இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க," என்றார் பீன்ஸிடம். "கூட அவங்க மாமியார். ரெண்டு பேரும் ஒரே மாதிரி வேணும்னு கேட்டாங்க. மருமகளுக்கு ஆறு. மாமியாருக்கு அஞ்சு. அஞ்சுல அந்த மாதிரி இல்லே. கீழேயிருந்து கேட்டாங்க, நான் வேற பெட்டி அனுப்பினேன். மாமியார் முகம் வாடிப்போச்சாம். வாங்காமயே போயிட்டாங்க."

"அந்த மாதிரி அஞ்சே கிடையாதா?"

அவர் நிமிர்ந்தார். இத்தனை வருஷத்தில் கதையின் நடுவில் யாரும் அவரைக் கேள்வி கேட்டதில்லை.

"இருக்கும். வேற கிளையில."

"அதைச் சொன்னீங்களா?"

"நான் மேலேதானே இருந்தேன்."

"ஓட்டை வழியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு நாள்ல வரவழைச்சுத் தர்றேன்னு?"

அவர் யோசித்தார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஓட்டை வழியாகப் பெட்டிகள்தான் இறங்கியிருக்கின்றன. ஒரு வார்த்தை இறங்கலாம் என்பது அவருக்கு இதுவரை தோன்றவில்லை.

"சொல்லியிருக்கலாம்தான்" என்றார். "என்னன்னு சொல்லியிருக்கணும்?"

மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அவரும் பார்வையை எடுக்கவில்லை. அந்த மாமியாரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும், எந்தக் குரலில் சொல்லியிருக்க வேண்டும், நாளைக்கு அவர்களை எப்படித் தேடிப் பிடிப்பது என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பீன்ஸ் பாதி நறுக்கினபடியே கிடந்தது.